பச்சை வெளிச்சத்த இலை எடுக்காதுன்னா பச்சை ஷேட் நெட்டுக்கு அடியில என் மிளகா எப்படி வளருது?

மொட்டைமாடி_மிளகாய்:
எல்லாருக்கும் வணக்கம், கேள்விய பாத்து சிரிக்காதீங்க. மாடியில 50 பர்சென்ட் பச்சை ஷேட் நெட் கட்டி ரெண்டு வருஷம் ஆச்சு, அடியில மிளகா, தக்காளி, கத்திரி, கொஞ்சம் கீரை. நேத்து பையனுக்கு பயாலஜி சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன், அவன் புக்குல ஒரு கிராஃப், நீலத்துல ஒரு மேடு, சிவப்புல ஒரு மேடு, நடுவுல பச்சை வர்ற எடத்துல அப்படியே தரையோட படுத்துக்குச்சு. இலை பச்சைய எடுக்காது, திருப்பி அடிச்சிரும், அதான்டா நமக்கு பச்சையா தெரியுதுன்னு நானே பெரிய இவளாட்டம் சொல்லிட்டு சாயங்காலம் மேல போறேன், மொத்த மாடியும் பச்சையில முழுகி நிக்குது. அப்ப என் செடிங்க ரெண்டு வருஷமா எத சாப்ட்டு உயிரோட இருக்கு?

இன்னொன்னு. போன வாரம் நெட்டுக்கு அடியில கொழுகொழுன்னு இருந்த மிளகா நாத்து பன்னெண்ட எடுத்து கைப்பிடிச் சுவரோரம் நேர் வெயில்ல வச்சேன், நல்லா வெளிச்சம் கிடைக்கட்டுமேன்னு. மூணாம் நாள் மேல் இலையெல்லாம் காகிதமா வெளுத்துப் போச்சு. ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துனேன், வாடவே இல்ல, வெளுப்பு மட்டும்தான். பச்சை வெளிச்சத்துல நல்லா இருக்கு, முழு வெளிச்சத்துல சாகுது, எல்லாம் தலைகீழா இருக்கே?

சும்மா_வந்தேன்:
கடைக்காரன் பச்சையில விக்கிறான் நீங்க வாங்குறீங்க, அவ்ளோதான் மேட்டர்

பாட்டனி_டீச்சர்:
மொதல்ல அந்த நெட்டுக்கு கிட்டப் போய் ஒரு தடவ அண்ணாந்து பாருங்கம்மா. அது கலர் கண்ணாடி பேப்பர் இல்ல, வலை. ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் அப்படியே சூரிய வெளிச்சம்தான், எந்தக் கலரும் குறையல, அளவுதான் குறையுது. நூல்ல பட்டு வழியுற கொஞ்சூண்டுதான் பச்சை. மத்தியானம் ஒரு வெள்ளை பேப்பர நெட்டுக்கு அடியில தரையில போடுங்க, லேசா பச்சை சாயம் தட்டும், கிளிப்பச்சையாவா ஆகிடும்? மேல இருக்குற நெட்டையும் சுத்தி இருக்குற இலையையும் பாத்துப் பாத்து நம்ம கண்ணுதான் முழுகிட்ட மாதிரி நெனைக்குது.

ஆனா உங்க கேள்வியில இதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த கிராஃப முப்பது வருஷம் போர்டுல வரைஞ்சவ நான், அதனால குத்தத்துல எனக்கும் பங்கு உண்டு. அது இலையோட கிராஃப் இல்லம்மா. இலைய அரைச்சு, ஸ்பிரிட்லயோ அசிட்டோன்லயோ பச்சையத்த மட்டும் கரைச்சு, ஒரு கண்ணாடிக் குப்பியில ஊத்தி அளந்த கிராஃப். புக்குல அத போட்டு கீழ "இலை"ன்னு நெனைக்க வச்சிட்டோம்.

ஆய்வகத்து_அணில்:
டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. நான் பிஎச்டி பண்றது இதே ஏரியாதான் அதனால கொஞ்சம் வளவளன்னு போகும் மன்னிச்சுக்கோங்க.

முழு இலைய எடுத்து அளந்தா பச்சை வெளிச்சத்துல நாலுல மூணு பங்கு உள்ளயே மாட்டிக்கும். எப்படின்னா இலைக்குள்ள செல்லுங்களுக்கு நடுவுல காத்து இடைவெளி நெறைய, வெளிச்சம் உள்ள போனதும் செல்லு சுவர்ல முட்டி முட்டி பின்பால் மெஷின்ல மாட்டுன குண்டு மாதிரி அலையும். சிவப்பும் நீலமும் மேல் தட்டுலயே புடிபட்டுரும். பச்சைய ஒரு பச்சையம் விட்டாலும் அடுத்தது, அத விட்டா அதுக்கடுத்ததுன்னு அலைஞ்சு அலைஞ்சு கடைசியில எதுகிட்டயாவது சிக்கிரும். நமக்கு பச்சையா தெரியுறது அதுல தப்பிச்சு வந்த மிச்சம். உச்சி வெயில்ல மேல் தட்டு வயிறு முட்டி உக்காந்திருக்கும்போது அடித் தட்டுக்கு சோறு போடுறதே இந்தப் பச்சைதான்.

1972ல மெக்ரீன்னு ஒருத்தர் 22 பயிரோட இலைய ஒவ்வொரு கலரா குடுத்து அளந்தாரு, பச்சையும் நல்லாவே வேல செய்யுதுன்னு அப்பவே போட்டாச்சு, ஸ்கூல் புக்குக்கு இன்னும் வந்து சேரல.

சும்மா_வந்தேன்:
அப்போ அந்த பாக்டீரியா எக்ஸ்பெரிமெண்ட்? ஜெர்மன்காரர் ஒருத்தர் பண்ணுனாரே, சிவப்புலயும் நீலத்துலயும் மட்டும் பூச்சி வந்து மொய்க்கும்னு படிச்ச ஞாபகம். அது பொய்யா

ஆய்வகத்து_அணில்:
பொய் இல்ல தல, எங்கெல்மான், 1882. பாசி இழை ஒண்ணு மேல பிரிசம் வச்சு வானவில்ல விழ வச்சாரு, ஆக்சிஜன் தேடி ஓடுற பாக்டீரியா சிவப்புலயும் நீலத்துலயும் போய் அடைஞ்சுது. ஆனா அந்த இழை ஒத்த செல்லு தடிமன். பச்சை போட்டான், அதாவது வெளிச்சத்தோட ஒரு துளி, நுழைஞ்ச வேகத்துல அந்தப் பக்கம் வெளிய போயிரும், அலையுறதுக்கு எடமே கிடையாது. மிளகா இலையில அப்படி இல்ல. ரெண்டு பேரும் அளந்தது சரி, அளந்த பொருள்தான் வேற.

வடமராட்சி_பொடியன்:
வணக்கம், நான் யாழ்ப்பாணப் பக்கம். எங்கட புத்தகத்தில இதுக்கு ஒளித்தொகுப்பு எண்டுதான் பேர், நீங்கள் ஒளிச்சேர்க்கை எண்டுறியள். இலைச் செல்லுக்குள்ள பச்சையம் கிடக்கிற பசுங்கணிகத்தை நாங்கள் பச்சையவுருமணி எண்டு படிச்சனாங்கள். சரி அது கிடக்கட்டும். புடிபட்டது, சிக்கினது எண்டு சொல்லுறியள் தம்பி, சிக்கின பிறகு என்ன நடக்குது? வெளிச்சம் எண்டுறது கையில பிடிச்சு வைக்கிற சாமானே? அந்த இடம் எனக்கு ஏஎல் படிக்கேக்கையும் விளங்கேல்ல, இப்பவும் விளங்கேல்ல.

பாட்டனி_டீச்சர்:
பச்சையவுருமணி! என்ன அழகா இருக்கு.

ஆய்வகத்து_அணில்:
அண்ணா நல்ல எடத்துல கைய வச்சீங்க. புடிக்கிறது ஈசி, புடிச்சத வச்சிருக்குறதுதான் கஷ்டம், இலையோட மொத்த வித்தையும் அங்கதான் இருக்கு.

பச்சையத்துல ஒரு போட்டான் பட்டதும் அதுல ஒரு எலக்ட்ரான் எம்பி மேல் படிக்கு போயிரும். நீல போட்டான்னா ரெண்டு படி தாண்டி குதிக்கும், ஆனா அங்க நிக்க முடியாது, கண்ண மூடி தொறக்குறதுல கோடியில ஒரு பங்கு நேரம்கூட இல்லாம சிவப்பு போட்டான் ஏத்துற அதே படிக்கு சறுக்கி வந்துரும், அந்த வித்தியாசம் சூடா போயிரும். அதனால காசு ஜாஸ்தி குடுத்த நீலத்துக்கும் கம்மியா குடுத்த சிவப்புக்கும் இலை தர்ற டிக்கெட் ஒண்ணுதான். அந்தப் படியிலயும் ரொம்ப நேரம் தங்காது, சில நானோசெகண்ட் (செகண்டுல நூறு கோடியில ஒரு பங்குதான் ஒரு நானோ). அதுக்குள்ள யார்கிட்டயாவது குடுத்தாகணும், இல்லன்னா திரும்ப வெளிச்சமாவோ சூடாவோ வீணாப் போயிரும்.

இப்ப வீட்டுக்கு ரூஃப் காங்கிரீட் போடுறத நெனச்சுக்கோங்க. சாரத்துல வரிசையா ஆளுங்க நிப்பாங்க, யாரும் எடத்த விட்டு நகர மாட்டாங்க, கலவைச் சட்டி மட்டும் கை மாறி கை மாறி மேல போகும், மேல கொத்தனார் வாங்கி கொட்டுவாரு. அதே மாதிரி பச்சையம் எல்லாம் புரதத்துக்குள்ள பக்கத்துல பக்கத்துல நட்டு வச்ச மாதிரி நிக்கும், எலக்ட்ரான் இடம் மாறாது, அந்த எம்புன சக்தி மட்டும் கை மாறும், சில பிகோசெகண்டுக்கு (நானோவுல ஆயிரத்துல ஒரு பங்கு) ஒரு கை. கடைசியில வினை மையம்னு ஒரு ஜோடி பச்சையம், அதுதான் கொத்தனார். அங்க போனதும்தான் நெசமாவே எலக்ட்ரான் கழண்டு பக்கத்து ஆள்கிட்ட தாவும். அது தாவுன பிறகுதான் புடிச்சாச்சுன்னு அர்த்தம்.

ஒரு கொத்தனாருக்கு எத்தன சித்தாள்? 1932ல எமர்சனும் ஆர்னால்டும் பாசிக்கு கேமரா ஃபிளாஷ் மாதிரி சின்னச் சின்ன வெட்டா வெளிச்சம் குடுத்து எண்ணுனாங்க. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வர்றதுக்கு சுமார் 2500 பச்சையம் வேண்டியிருந்துச்சு. ஒரு பச்சையம் ஒரு ஆக்சிஜன்னு நெனச்சிட்டு இருந்தவங்களுக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. ஒரு ஆக்சிஜனுக்கு கொறஞ்சது எட்டு போட்டான் வேணும்னு அப்புறம் தெரிஞ்சதும் வகுத்துப் பாருங்க, ஒரு மையத்துக்கு முந்நூறு சொச்சம் வருது.

சோலார்_சிவா:
ஏன் முந்நூறு பேரு? எல்லாத்தையும் கொத்தனாரா போட்டா வேல சீக்கிரம் முடியுமே

ஆய்வகத்து_அணில்:
கூலி கட்டுபடியாகாதுங்க. நல்ல வெயில்லயே ஒத்த பச்சையத்து மேல செகண்டுக்கு பத்து போட்டான் அளவுதான் படும், நிழல்ல ஒண்ணு கூட படாது. மையத்தோட சேந்த மொத்த மெஷினையும் ஒவ்வொரு பச்சையத்துக்கும் கட்டி வச்சா முக்கால்வாசி நேரம் சும்மா ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கும்.

குவாண்டம்_குமரன்:
இதுல முக்கியமானத விட்டுட்டீங்களே பிரதர். இலைக்குள்ள நடக்குறது குவாண்டம் கம்ப்யூட்டிங். அந்த சக்தி ஒரே நேரத்துல எல்லா வழியிலயும் போய் எது குறுக்கு வழின்னு பாத்து அதுல போகுது. அதனாலதான் 95% எஃபிஷியன்சி. மனுசன் செஞ்ச எந்த சோலார் பேனலும் கிட்ட வர முடியாது. எங்க ஃபேமிலி குரூப்ல வந்துச்சு, பேப்பரே இருக்கு

சோலார்_சிவா:
95ஆ?? நான் பேனல் மாட்டுறவன். மாட்டுற பேனல் 20 சொச்சம் பர்சென்ட். வயல்ல விழுற வெயில்ல பயிரு சேத்து வைக்குறது 1, ரொம்ப நல்லா போனா 2. ஃபேமிலி குரூப்ல இருந்து வெளிய வாங்க

குவாண்டம்_குமரன்:
கூகுள் பண்ணுங்க சார்

ஆய்வகத்து_அணில்:
ரெண்டு பேரும் வேற வேற தராசுல நிறுத்துட்டு சண்ட போடுறீங்க.

மங்கலான வெளிச்சத்துல பச்சையம் நூறு போட்டான் புடிச்சா தொண்ணூறு சொச்சம் வினை மையத்துல போய் எலக்ட்ரான கழட்டுது, அது உண்மைதான். ஆனா அது தலைய எண்ணுற கணக்கு, சக்தி கணக்கு இல்ல. சக்தியா பாத்தா எட்டு சிவப்பு போட்டான் குடுத்து ஒரு கார்பன சர்க்கரையில ஏத்துனா போட்டதுல மூணுல ஒரு பங்குதான் சர்க்கரையில நிக்கும். அதுக்கு முன்னாடியே வெயில்ல பாதி இலைக்கு ஆகாத அகச்சிவப்பு. அப்புறம் திருப்பி அடிச்சது, நீலத்துல சூடா போனது, செடி மூச்சு விட்டதுன்னு கழிச்சுட்டே வந்தா நெல்லு மாதிரி பயிருக்கு உச்சவரம்பே 4.6%, சோளம் கரும்புக்கு 6%ன்னு ஒரு கணக்கு போட்டிருக்காங்க. நெசத்துல சிவா அண்ணா சொன்ன 1, 2தான் வரும். ஆனா சிவாண்ணா உங்க பேனல் கரண்டு மட்டும்தான் குடுக்கும், சேத்து வைக்க பேட்டரி தனி, ரிப்பேருக்கு நீங்க தனி. இலை தன்னையே கட்டிக்குது.

குவாண்டம் கதைக்கு வர்றேன். 2007ல பெர்க்லில பண்ணுன சோதனையில இருந்துதான் அந்த பரபரப்பு கெளம்புச்சு. அது இலை இல்ல, பச்சை கந்தக பாக்டீரியாவோட ஒரு புரதம், வச்சிருந்த குளிரு மைனஸ் 196 டிகிரி. அதுல சக்தி அலை மாதிரி ஆடுதுன்னு அவங்க பாத்த அந்த ஆட்டம் பெரும்பாலும் மூலக்கூறோட அதிர்வுதான், சக்தி கடத்துறதுக்கு அது அவசியமில்லன்னு 2020 வாக்குல அந்தத் துறையில இருக்குறவங்களே கூடி எழுதிட்டாங்க. உங்க ஃபேமிலி குரூப்புக்கு அந்த ரெண்டாவது பேப்பர் ஃபார்வர்டு ஆகல போல.

சும்மா_வந்தேன்:
மைனஸ் 196ல மிளகா எப்படி இருக்கும்னு யோசிச்சுட்டு இருக்கேன்

வடமராட்சி_பொடியன்:
சட்டி கை மாத்திற கதையில இப்பதான் விளங்குது, நன்றி தம்பி. ஒண்டு மட்டும். கொத்தனாரிட்ட இருந்து எலக்ட்ரான் போட்டுது எண்டால் அவரிட்ட ஒண்டு குறையுமே, அதை ஆர் நிரப்புறது?

பாட்டனி_டீச்சர்:
தண்ணி, தம்பி. இதுக்கு நான் சொல்றேன், எனக்குப் பிடிச்ச பகுதி.

எலக்ட்ரான எழந்த அந்த மையம் பி680, உயிருலகத்துல அத மாதிரி பிடுங்கித் தின்னுற வெறி வேற எதுக்கும் இல்ல. பக்கத்துலயே நாலு மாங்கனீசும் ஒரு கால்சியமும் சேந்த ஒரு குட்டிக் கொத்து இருக்கு, அது தண்ணியில இருந்து எலக்ட்ரான ஒவ்வொண்ணா உருவிக் குடுக்கும். ரெண்டு தண்ணியில இருந்து நாலு உருவுனதும் ஆக்சிஜன் வெளிய வந்துரும். நாம மூச்சு விடுற ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடுல இருந்து வரல, தண்ணியில இருந்து வருதுன்னு 1941ல ரூபன், காமன் கனமான ஆக்சிஜன வச்சுக் காட்டுனாங்க.

இதுல ஒரு அழகு இருக்கு. இருட்டுல வச்ச பசுங்கணிகத்துக்கு ஒவ்வொரு ஃபிளாஷா குடுத்தா ஒண்ணுலயும் ரெண்டுலயும் ஒண்ணும் வராது. மூணாவதுல ஆக்சிஜன் குபுக்குன்னு வரும், அப்புறம் ஏழு, அப்புறம் பதினொண்ணு. பாரீஸ்ல ஜோலியோ 1969ல பாத்தாரு. ஏன் நாலாவது இல்லாம மூணாவதுன்னு கேட்டா, இருட்டுல அந்தக் கொத்து ஏற்கனவே ஒரு படி ஏறித்தான் உக்காந்திருக்கும், கோக்னு ஒருத்தர் அடுத்த வருஷம் விளக்குனாரு. கிளாஸ்ல இத சொன்னா பசங்க பரிட்சைக்கு வருமா மிஸ்ஸும்பாங்க, வராதுடான்னு சொல்லிட்டே சொல்லிக் குடுப்பேன்.

பெரம்பலூர்_சோளக்காடு:
வணக்கம். டீச்சரம்மா, அணில் தம்பி, ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், பாதி புரியல ஆனா ஒரு சந்தேகம். மக்காச்சோளம் போட்டு மூணு நாளுக்குள்ள நாங்க அட்ராசின் களைக்கொல்லி அடிப்போம், சாரணை மொளச்சு வந்து ரெண்டு இலை விட்டதும் ஓரம் மஞ்சளாகி கருகிப் போவும், சோளத்துக்கு ஒண்ணும் ஆகாது, கோரை மட்டும் சாவாது அது எமனுக்கே தண்ணி காட்டும். கடையில கேட்டா இது ஒளிச்சேர்க்கைய நிறுத்தி களைய பட்டினி போட்டு கொல்லுதுன்னாங்க. ஆனா மேகம் மூடி கெடக்குற வாரத்துல களை மெதுவாத்தான் சாவுது, வெயில் அடிச்சா சீக்கிரம் கருகிருது. பட்டினின்னா வெயில் இல்லாதப்ப தானே சீக்கிரம் சாவணும்?

ஆய்வகத்து_அணில்:
ஐயா, கடைக்காரர விட நீங்க சரியா பாத்திருக்கீங்க, இத நான் எங்க லேப்ல சொல்லப்போறேன்.

கொத்தனார்கிட்ட இருந்து எலக்ட்ரான வாங்கிட்டுப் போறதுக்கு ஒரு கடத்தி வந்து உக்கார ஒரு சீட்டு இருக்கு, டி1ங்குற புரதத்துல. அட்ராசின் பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்குற மாதிரி அந்த சீட்டுல போய் உக்காந்துக்கும். கடத்தி உக்கார முடியாது, எலக்ட்ரான் நகராது, கொத்தனார் கையில வாங்குன சட்டி அப்படியே நிக்குது. ஆனா வெயில் நிக்காதே, முந்நூறு பேரும் அள்ளி அள்ளி குடுத்துட்டே இருக்காங்க. தேங்கிப் போன அந்த சக்தி பக்கத்துல இருக்குற ஆக்சிஜன்ல எகிறி அத வெறி புடிச்ச ஆக்சிஜனா மாத்திரும், அது சவ்வு, புரதம், பச்சையம்னு கண்ணுல பட்டத எல்லாம் கடிச்சுக் குதறிரும். களைய கொல்றது பட்டினி இல்லீங்க ஐயா, வெளிச்சம்தான். அதான் மேகமா இருந்தா மெதுவா சாகுது. மக்காச்சோளத்துக்கு அட்ராசின உடைச்சு வேற பொருளோட ஒட்டி செல்லாக்காசா ஆக்குற நொதி இருக்கு, சாரணைக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

@மொட்டைமாடி_மிளகாய் அக்கா, உங்க ரெண்டாவது கேள்விக்கும் இதேதான் பதில். உங்க நாத்துல யாரும் அட்ராசின் அடிக்கல, ஆனா நடந்தது கிட்டத்தட்ட இதே கூத்துதான்.

மொட்டைமாடி_மிளகாய்:
கேள்வி கேட்டுட்டு காணாம போயிட்டேன்னு நெனைக்காதீங்க, எல்லாத்தையும் பையனுக்கு படிச்சுக் காட்டிட்டு இருக்கேன். என் நாத்துக்கு என்ன ஆச்சு சொல்லுங்க, பன்னெண்டுல ஏழு வெளுத்துருச்சு

ஆய்வகத்து_அணில்:
மிளகா மாதிரி செடியோட ஒரு இலை, உச்சி வெயில்ல பாதி வரும்போதே வயிறு நெறஞ்சுரும், அதுக்கு மேல எவ்ளோ வெளிச்சம் குடுத்தாலும் சர்க்கரை கூடாது. ஏன்னா பின்னாடி கார்பன கோக்குற வேல மெதுவாத்தான் நடக்கும். அதனால 50% நெட்டுல உங்க செடி இழந்தது நீங்க நெனைக்குறத விட கம்மி.

மிச்ச வெளிச்சத்த இலை வேணாம்னு சொல்ல முடியாது, புடிச்சாச்சு. சூடாக்கி வெளிய தள்ளணும். அதுக்கு கரோட்டினாய்டுன்னு ஒரு மஞ்சள் நிறமிக் கூட்டம் இருக்கு, வெயில் ஏறுனா சில நிமிஷத்துல வயலோசாந்தின் ஜியாசாந்தினா மாறி சித்தாள் வரிசையில நடுவுல பூந்து சட்டிய வாங்கி சாரத்துக்கு வெளிய கொட்டிரும். அதையும் மீறி அடி விழத்தான் செய்யும், அந்த டி1 புரதம் நல்ல வெயில்ல அரை மணி ஒரு மணிக்கு ஒரு தடவ பழுதாகும், செடி அத கழட்டி புதுசு மாட்டிட்டே இருக்கும். இது எல்லா ஆரோக்கியமான இலையிலயும் தினம் நடக்குறதுதான்.

நிழல்ல பொறந்த இலை வேற ஜாதி. வெளிச்சம் கம்மின்னு அது சித்தாள நெறைய சேத்து வச்சிருக்கும், இலையே மெலிசா பரப்பா இருக்கும், வெளிய கொட்டுற ஆளு கம்மி, ரிப்பேர் ஆளும் கம்மி. அத ஒரே நாள்ல சுவரோரம் கொண்டு வச்சீங்க, பத்தாததுக்கு சுவரோட சூடு வேற. பழுது பாக்குற வேகத்த பழுதாகுற வேகம் தாண்டிருச்சு, பச்சையமே சிதைஞ்சு வெளுத்துருச்சு. தண்ணி ஊத்துனதால வாடல.

எங்க லேப்ல இலைய அரை மணி இருட்டுல வச்சு ஒரு கிளிப் மாட்டி அது விடுற சிவப்பு ஒளிய அளப்போம், புடிச்ச வெளிச்சத்துல எத்தன பங்கு வேலைக்குப் போக முடியும்னு அத வச்சு கணக்கு போட்டா நல்ல இலைன்னா 1க்கு 0.8 தாண்டி வரும். உங்க வெளுத்த இலையில பாதி கூட தேறாது.

மொட்டைமாடி_மிளகாய்:
சிவப்பு ஒளியா? இலை வெளிச்சம் விடுமா??

பாட்டனி_டீச்சர்:
விடும், வீட்டுலயே பாக்கலாம். ஒரு கைப்பிடி முருங்கைக் கீரைய உரல்ல நசுக்குங்க, மெடிக்கல்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி அதுல ஊற வச்சு காபி வடிகட்டுறது மாதிரி துணியில வடிச்சு கண்ணாடி டம்ளர்ல ஊத்துங்க. அடுப்புக்கு பக்கத்துல கூடாது, மிக்சியில போடவே கூடாது, ஸ்பிரிட் பத்திக்கும். ராத்திரி லைட்ட அணைச்சுட்டு கள்ள நோட்டு பாக்குற டார்ச்ச அதுல அடிங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க.

மொட்டைமாடி_மிளகாய்:
டீச்சர்!!! ரத்தம்!! பச்சைத் தண்ணி மாதிரி இருந்தது டார்ச் பட்டதும் அப்படியே ரத்தச் செவப்பா ஆகுது, டார்ச்ச எடுத்தா திரும்ப பச்சை. எங்க மாமியார் எட்டிப் பாத்துட்டு இத கொண்டு போய் மொதல்ல கொட்டுங்கறாங்க. பையன் பக்கத்து வீட்டு பசங்கள எல்லாம் கூட்டிட்டு வந்துட்டான். அதே டார்ச்ச நேரா முருங்கை இலை மேல அடிச்சா அவ்ளோ ஒண்ணும் தெரியலயே, ஏன்?

ஆய்வகத்து_அணில்:
டம்ளர்ல பச்சையம் மட்டும்தான் மிதக்குது, புரதம் எல்லாம் கலைஞ்சு போச்சு. கொத்தனாரும் இல்ல, பக்கத்துல வாங்க ஆளும் இல்ல. சட்டிய எடுத்தவன் குடுக்க வழியில்லாம கீழ போடுறான், அதுல ஒரு பங்குதான் அந்த செவப்பு. ஊதா வெளிச்சம் குடுத்தும் செவப்பா வருது பாருங்க, நான் சொன்ன அந்த ஒத்தப் படிதான் அது. உயிரோட இருக்குற இலையில நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் அப்படி வழியும், மத்தது வேலைக்கோ சூடாவோ போயிருது.

பெரம்பலூர்_சோளக்காடு:
எங்கூட்டு நோட்டு டார்ச்சுக்கு இப்பதான் உருப்படியா ஒரு வேல கெடச்சிருக்கு

மொட்டைமாடி_மிளகாய்:
பத்து நாள் கழிச்சு வந்திருக்கேன். மிச்சம் இருந்த அஞ்சு நாத்த டீச்சர் தனியா மெசேஜ்ல சொன்ன மாதிரி மொத மூணு நாள் காலை வெயில் மட்டும், அப்புறம் பத்து மணி வரைக்கும், இப்ப பன்னெண்டு வரைக்கும்னு பழக்கிட்டு வர்றேன், ஒண்ணும் வெளுக்கல. வெளுத்த ஏழுல ரெண்டு போயிருச்சு. பிழைச்ச அஞ்சுல நுனியில புது இலை வந்திருக்கு, பழசவிட சின்னது, தடிப்பா கரும்பச்சையா இருக்கு. வெளுத்த பழைய இலைய கிள்ளிரவா?

பாட்டனி_டீச்சர்:
கிள்ளாதீங்க, வெளுத்த எடம் திரும்ப பச்சையாகாது ஆனா ஓரத்துல மிச்சம் இருக்குற பச்சை இன்னும் சம்பாதிச்சுட்டுதான் இருக்கும். அதுவா உதிரட்டும்.